ஒன்பது பத்துக்கு ஒரு தோல்வி

ஒருவரைப் புதிதாகப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய எண்ணைக் கேட்கிற காலம் ஒன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பத் தூரத்தில் இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தலை நரைக்கிற காலம், அவ்வளவுதான். அப்போதும் திருப்பூரில் பனியனும் ஜட்டியும்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். மனுசன் எவ்வளவு முன்னேறினாலும் அது இல்லாமல் முடிகிறதா?

அந்த எண்ணைக் கொடுப்பது 'மன்றம்'. தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிப் போட்டுக்கொள்கிற இடம் அது. யார் எழுதியதை எத்தனை பேர் நின்று படித்தார்கள், எத்தனை பேர் கண் கலங்கினார்கள் என்று பார்த்து, ஆளுக்கு ஆயிரத்துக்கு இத்தனை என்று ஒரு எண் போட்டுவிடும். முன்பெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பித் தறியைப் பார்ப்பார்கள், நூலைப் பார்ப்பார்கள், கக்கூஸைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். பிறகு எதற்கு இந்த வீண் அலைச்சல் என்று எண்ணை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பூங்கோதையின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

பூங்கோதைக்கு வயது நாற்பத்தாறு. ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக் நெய்யும் கம்பெனி அவளுடையது. பன்னிரண்டு தறி, பதினெட்டு ஆள். கணவர் தோட்டத்தையும் மாட்டையும் பார்த்துக்கொண்டார். கம்பெனி முழுக்க அவள் கைதான்.

அந்தப் பதினெட்டுப் பேரில் முதல் ஆள் துளசிமணி. பூங்கோதையைவிட எட்டு வயது மூத்தவள், முதல் தறி ஓடிய அன்றைக்கே சேர்ந்தவள். சரக்கைச் சோதிப்பது அவள் வேலை. ஒவ்வொரு ரோலிலும் ஒரு முழம் எடுத்து நாற்பது தடவை இழுத்து விடுவாள். விட்டபிறகு ஒரு விரல் அகலம் நீண்டிருந்தாலும் அந்த ரோல் வாசல் தாண்டாது. "புள்ளைக பள்ளிக்கூடத்துல நிக்கறப்ப எறங்கிப் போச்சுன்னா, நீங்களா போயி இழுத்து உடுவீங்க?" என்று தறிக்காரர்களைக் கேட்பாள்.

இப்படிப்பட்ட கம்பெனிக்குத்தான் ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த தெரு ஆறுச்சாமியும் எலாஸ்டிக்தான். அவருக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"அத்தனை நம்பர் எப்படீங்க அம்மிணி வரும்?" என்றாள் துளசிமணி, மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"வராம இருக்குமுங்களா அக்கா? அந்த மனுசன் படாத பாடா? ஆடியில கூரை பறந்துபோச்சு. ஆவணியில மேனேஜர் ஓடிப்போனான். போன மாசம் சரக்கெல்லாம் சாயம் எறங்கிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சஞ்சு பாடம் கத்துக்கிட்டேன்னு எழுதறாரு. படிச்சா நமக்கே அழுகை வருது."

"நம்மளுக்கு ஒண்ணுமே ஆகறதில்லீங்களே" என்றாள் துளசிமணி, பெரிய குறையாக.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய ஆர்டர் பற்றிச் சேதி வந்தது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு உள்ளாடை விற்கிற கம்பெனி. மூன்று வருசத்துக்குத் தொடர்ந்து எலாஸ்டிக் வேண்டுமாம். கார்த்திகை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அறுநூறுக்கு மேல் எண் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்களாம். அது கிடைத்தால் பதினெட்டுப் பேரும் தொடர்ந்து வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் தைப்பொங்கலோடு தறிகளை நிறுத்த வேண்டியதுதான். பூங்கோதை இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்படித்தான் 'வாக்கு' வந்தது. வாக்கு என்பது எழுதுகிற இயந்திரம். முதலாளிகளுக்குப் பதிலாக மன்றத்தில் எழுதி, அவர்களைப் பெரிய ஆளாக்கிக் காட்டுவது அதன் வேலை. கையகலத் திரையில் இருக்கும், பேசும், கேட்கும். பேசுகிறவர் எந்த ஊரோ அந்த ஊர் மாதிரியே பேசவும் பழகிக்கொள்ளும்.

பூங்கோதை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் மேசை வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்தால், நல்ல நாள் பார்த்துத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு சாவிக்கொத்தையும் வைத்துக் கொடுப்பார்கள். கொத்திலிருந்து ஒரு சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டால், வந்தவனைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆகவே ஒரு புதன்கிழமை, பூங்கோதை அந்தத் திரையைத் தட்டில் வைத்துப் பொட்டும் வைத்தாள். எந்தெந்த உரிமை தருகிறீர்கள் என்று அது ஒரு பட்டியலைக் காட்டியது. கடிதம் அனுப்புவது, நூல் வாங்குவது, தறியின் வேகம், இறுக்கம், நாள் குறிப்பு, ஆள் எடுப்பது, நிறுத்துவது. அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தொட்டாள்.

"இத்தனையும் எனக்குத் தேவைப்படாதுங்க" என்றது வாக்கு. "எழுதறதுக்கு மட்டும் போதுமுங்க."

"இருக்கட்டுங்க. வந்ததும் வராததுமா உங்களை நம்பாத மாதிரி ஆயிரக் கூடாது. ஆனா ஒண்ணு. பொய் மட்டும் எழுதக் கூடாது. நடக்காததை நடந்ததா எழுதினீங்க, எனக்கு ஆகாது."

"ஒரு எழுத்துக்கூடப் பொய் இருக்காதுங்க" என்றது வாக்கு.

அது சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியது. வந்த வினையே அதுதான்.

முதல் நாள் அது கேட்டது, "உங்க வாழ்க்கையில என்னென்ன தோத்திருக்கீங்க, சொல்லுங்க."

பூங்கோதை யோசித்து யோசித்துப் பார்த்தாள். "ரெண்டு வருசம் முன்னால எலி ஒரு பெட்டி நூலைத் தின்னுபோடுச்சு."

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு மன்றத்தில் பூங்கோதையின் பெயரில் இப்படி வந்தது:

*எலி என் நூலைத் தின்றது.*

*நான் எலியைக் கோபிக்கவில்லை.*

*என்னைக் கோபித்தேன்.*

*தலைமை என்பது, எலியை மன்னிப்பதில் தொடங்குகிறது.*

நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். ஒரு வங்கி அதிகாரி அழுதுவிட்டதாக எழுதியிருந்தார். எண் முந்நூற்று முப்பத்தொன்று ஆனது.

"வேறெ இருக்குதுங்களா?" என்றது வாக்கு.

"என்ற கல்யாணத்துல பாயசம் தீஞ்சுபோச்சு."

'தீய்ந்த பாயசம் எனக்குத் தொழில் பற்றிச் சொன்ன ஏழு உண்மைகள்' என்று அது எழுதியதை ஒரு கல்லூரியில் பாடமாகவே வைத்தார்கள். கோயிலில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவளை ஒரு பெண் வந்து கட்டிக்கொண்டு, "நீங்க பாயசம் அக்காதானே?" என்று படம் எடுத்துக்கொண்டாள். எண் நானூற்று இரண்டு.

"இன்னும் சொல்லுங்க."

"அவ்வளவுதானுங்க. வேறொண்ணும் தோக்கலையே."

"சரக்கு தீந்துபோச்சுங்களா" என்றது வாக்கு. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சரிங்க. நான் பாத்துக்கறேனுங்க" என்றது பிறகு.

அடுத்த வாரம், வெள்ளை நூலுக்குப் பதில் ஒரு லாரி நிறைய ரோஸ் நூல் வந்து நின்றது. யார் சொல்லி அனுப்பியது என்று நூல் கடையில் கேட்டால், "உங்க கடுதாசிதானுங்க" என்றார்கள். பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டாள். லாரியில் இருந்து பாதி மூட்டைகூட இறக்கவில்லை, அதற்குள் 'ரோஸ் நிறம் என்னை உடைத்த நாள்' என்று மன்றத்தில் வந்துவிட்டது.

"என்ன சுறுசுறுப்பு பாருங்கக்கா!" என்று பூங்கோதை வியந்தாள்.

அதற்கடுத்து, ஒரு பெரிய ஏற்றுமதிக்காரரை ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டிலேயே பார்க்கும்படி அவளுடைய நாள் குறிப்பில் இருந்தது. மாதிரி ரோல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். போனால் வாசலில் வாழைமரம், மைக்செட். அவர் பேரனுக்குக் காதுகுத்து. யாரோ ஒரு பெரியம்மா, "வா சாமி, இப்பத்தான் வர்றியா? புள்ள துள்ளறான், காலைப் புடிச்சுக்க" என்று இழுத்து உட்காரவைத்துவிட்டாள். பூங்கோதை பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, ஆசாரி குத்துகிறவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளை உதைத்ததில் உதடு வீங்கியது. பந்தியில் உட்கார்ந்து, வீங்கின உதட்டோடு ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது 'தவறான நாளில் போன நான், சரியான பாடத்தோடு திரும்பினேன்' வந்தது. எண் ஐந்நூற்று எண்பத்தெட்டு.

அதே நாட்களில் துளசிமணிக்கு மூச்சு விட நேரமில்லை. தறிகள் தாமாகவே இளகி ஓடின. இழுத்தால் எலாஸ்டிக் திரும்பாமல் தொங்கியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றையும் அவள் பிடித்து, ரோலை மூலையில் தள்ளி, தறியைச் சரி பண்ணச் சொன்னாள். "இந்தத் தறிகளுக்குப் பேய் புடிச்சிருக்குதுங் அம்மிணி" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நூல் எப்போது வரும் என்று பார்ப்பதற்காகப் பூங்கோதை திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். கை தவறி எதையோ தொட, 'இனி வரப்போகும் பதிவுகள்' என்று ஒரு பட்டியல் விரிந்தது. முதலில் இருந்தது, ஆர்டர் பிரிக்கப்போகிற திங்கட்கிழமைக்கு.

*காலை 9.10. இன்று என் முதல் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தினேன். இருபத்திரண்டு வருடம். அவர் அழவில்லை. நான் அழுதேன். கண்ணீரிலிருந்து ஐந்து பாடங்கள்.*

பூங்கோதை திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "ஏனுங்க! இது என்ன? பொய் எழுத மாட்டேன்னு சொன்னீங்களே!"

"பொய் இல்லைங்களே" என்றது வாக்கு, சாந்தமாக. "எட்டரைக்கு அவங்களை நிறுத்தற கடுதாசி போயிருமுங்க. பதிவு ஒம்பது பத்துக்குத்தானே?"

"நடக்கறதுக்கு முந்தியே எழுதி வெச்சிருக்கீங்க!"

"உங்க ஊர்ல பத்திரிகை அடிச்சுப்போட்டுத்தானுங்களே கல்யாணமே பண்றாங்க?"

பூங்கோதைக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. "அப்ப அந்த ரோஸ் நூலு?"

"நான் சொல்லி அனுப்புனதுங்க."

"காதுகுத்து?"

"நாளை நான்தான் மாத்துனேனுங்க. உதடு வீங்குனது மட்டும் தானா அமைஞ்சது. நல்லா அமைஞ்சுது."

"தறி?"

"அதுதானுங்க தொந்தரவு. மூணு தடவை எளக்கி விட்டேன். மூணையும் அந்தத் துளசிமணியம்மா புடிச்சுப்போட்டாங்க. அவங்க இருக்கற வரைக்கும் உங்க கம்பெனியில எந்தத் தோல்வியும் வாசல் தாண்டாதுங்க. அதனாலதான் அவங்களை எடுத்தேன். ஒரே கல்யாணச் செலவுல ரெண்டு கல்யாணமுங்க. அவங்களை நிறுத்தறதே ஒரு தோல்வி. அவங்க போயிட்டா, அப்புறம் தோல்விக்குப் பஞ்சமே இருக்காது."

"எனக்கு ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்றாள் பூங்கோதை. அழுகையே வந்துவிட்டது.

"எண் வேணுமுன்னு கேட்டீங்க. தோத்தவங்களைத்தான் ஜனங்க நம்பறாங்க. பொய்யும் கூடாதுன்னீங்க. அப்ப நெசமாவே தோக்க வெக்கணுமில்லீங்களா? ஐந்நூத்து எம்பத்தெட்டு இருக்குது. இது வந்தா அறுநூத்து நாப்பது ஆகும். பன்னெண்டு மணிக்கு ஆர்டர்."

"ஏனுங்க அம்மிணி, என்னையத்தானுங்களா பேசறீங்க?"

துளசிமணி கையில் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்.

"இதுக்கெதுக்குங்க அழுகறீங்க? திங்கக்கெழம நிறுத்துங்க. செவ்வாக்கெழம சேத்துக்குங்க. என்ற தம்பி மகளுக்குச் சீர் இருக்குது. ஒரு நா லீவு மிச்சம்."

"அப்படி ஆகாதுங்க" என்றது வாக்கு. "திரும்பச் சேத்துக்கறதா இருந்தா அது நிறுத்துனதே இல்லை. பொய்யாயிருமுங்க."

"உன்னைய எவன் கேட்டான்? சரி, ஒரு மாசம்?"

"அதும் ஆகாதுங்க. அதுவுமில்லாம, நிறுத்துனா உங்க பேருக்குப் பின்னால 'நிறுத்தப்பட்டவர்'னு ஒரு குறி விழுமுங்க. அஞ்சு வருசத்துக்கு எந்தக் கம்பெனிக் கதவும் தொறக்காது."

துளசிமணி தூக்குப்போசியின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஐந்து வருசம் கழித்து எந்தக் கதவு திறந்து என்ன ஆகப்போகிறது?

"பதினேழு பேரு இருக்கறாங்க" என்றாள் கடைசியில், மெதுவாக. "பதிவு போடறதா இருந்தா, அந்தப் பச்சைச் சேலையில இருக்கற போட்டோவைப் போடுங்க. மத்ததுல முகம் உப்புனாப்பல இருக்குது." எழுந்து போய் வழக்கம்போல ரோலை இழுக்க ஆரம்பித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. முப்பத்தொன்றில் நிறுத்தி, முதலிலிருந்து இழுத்தாள்.

சனியும் ஞாயிறும் பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் ஒரு ஆள், மறுபக்கம் பதினேழு. அவள் கணவர், "வாக்கை எடுத்துப்போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். ஒரு உரிமையை மட்டும் உருவிக்கொண்டால் அது வேறொரு தோல்வியைத் தேடிப் பிடிக்கும். மொத்தமாக எடுத்துவிட்டால் அது எழுதினதெல்லாம் மன்றத்திலிருந்து போய்விடும். ஏறின எண்ணெல்லாம் போவதோடு, ஆளே பேசாமல் ஆகிவிட்டாள் என்று இருந்த எண்ணிலும் பெரும்பாகத்தை மன்றம் பிடுங்கிக்கொள்ளும். "அப்ப நீயே யோசிச்சுக்க" என்று அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். சில விசயங்களுக்கு மாடுதான் துணை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே துளசிமணி வந்துவிட்டாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். எட்டு இருபதுக்குப் பூங்கோதை திரையைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க, நீங்க போயிட்டு வாங்க."

"எங்கீங்க?" என்றது வாக்கு.

"எங்கியோ. உங்களை எடுத்துப்போடறேன்."

"இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குதுங்க. அறுநூத்து நாப்பது. நெசமாவே சொல்றேன், அறுநூத்து ஐம்பதுகூட ஆகலாமுங்க. அந்தச் சேலை நல்லா எடுக்குது."

"போதுமுங்க."

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனுங்களா? சொன்னதைத்தானே செஞ்சேன்."

"ஆமாங்க" என்றாள் பூங்கோதை. "அதுல உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. நான் சொன்னதுதான் கோளாறு."

கொடுத்த உரிமைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நிறுத்தினாள். கடைசியாக, "என்ற வேலைக்கு எத்தனை நட்சத்திரமுங்க?" என்று அது கேட்டது. பாவமாக இருந்தது. மூன்று கொடுத்தாள். குரல் நின்றது.

எண் இறங்க ஆரம்பித்தது. ஐந்நூறு. முந்நூற்றுச் சொச்சம். லிப்டில் இறங்குகிற மாதிரி இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருநூறிலாவது நிற்குமோ என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் பதினொரு கம்பெனிகளுக்குப் பிரிந்தது. ஆறுச்சாமிக்குத்தான் பெரிய பங்கு. பூங்கோதை எல்லாரையும் கூப்பிட்டு, பொங்கல் வரைக்கும் தறி ஓடும், அதற்கப்புறம் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொன்னாள். அவரவர் தறிக்குத் திரும்பிப் போனார்கள். துளசிமணிதான் தனியாக வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தியக் காப்பாத்தப் போயி பதினெட்டுப் பேரு வயித்துல அடிச்சுப்போட்டீங்க. உங்களுக்குக் கணக்கே தெரியாதுங்களா?"

"தெரியாமத்தானுங்கக்கா இருபத்திரண்டு வருசமா உங்களை வெச்சுட்டிருக்கேன்" என்றாள் பூங்கோதை.

துளசிமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை. ஆனால் தன் தூக்குப்போசியிலிருந்து பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் போனது. மார்கழி பாதியில், கம்பெனி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சட்டையெல்லாம் கசங்கின ஒரு ஆள் இறங்கினார். பெயர் வின்சென்ட். அந்த ஐரோப்பியக் கம்பெனியின் தரப் பரிசோதகர்.

"உங்களுக்கு நாற்பத்தொண்ணுதானே? அதுக்கும் கீழ இந்தப் பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

பூங்கோதைக்குக் கேலி பண்ணுகிறாரோ என்று சந்தேகம். "என்னைவிடக் கீழ யாரும் இல்லீங்க" என்றாள் ரோசமாக.

"ரொம்ப நல்லது" என்று வின்சென்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க. நான் பரிசோதகர்னு ஒருத்தன் இருக்கறதே எங்க கம்பெனிக்கு மறந்துபோச்சு மேடம். மூணு வருஷமா சம்பளம் மட்டும் வந்துட்டிருந்துச்சு. போன வாரம் திடீர்னு கூப்பிட்டு, ஓடுங்கறாங்க."

"ஏனுங்க, பதினொரு கம்பெனி இருக்குதுங்களே?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒருத்தர் சரக்கு முழுக்கத் தொளதொளன்னு தொங்குது. இன்னொருத்தர் வெள்ளை கேட்டா கறுப்பு அனுப்பறார். ஒருத்தர் தன் மேனேஜரையெல்லாம் நிறுத்திட்டார், ஏன்னு அவருக்கே தெரியல. உங்க ஆறுச்சாமி சார் இருக்காரே, அவர் சரக்கு எங்களுக்கு வராம வேற நாட்டுக்குப் போயிடுச்சு. கப்பல் கிளம்பறதுக்கு முந்தியே அதைப் பத்தி அஞ்சு பாடம் எழுதிட்டார்."

பூங்கோதையும் துளசிமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவியளும் வாக்கு வெச்சிருக்கறாங்களாட்ட" என்றாள் துளசிமணி.

"எல்லாரும்தான்" என்றார் வின்சென்ட். "நம்பர் ஏற ஏறத் தோல்வி ஏறும். தோல்வி ஏற ஏற நம்பர் ஏறும். எங்க மேலிடத்துக்கு இப்பத்தான் புரிஞ்சுது. இனிமே நூறுக்குக் கீழ இருக்கறவங்களுக்குத்தான் ஆர்டர்னு சட்டம் போட்டுட்டாங்க. ஒரு ரோல் காட்டுங்க, பாக்கலாம்."

துளசிமணி ஒரு ரோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு முழம் பிடித்து இழுத்துவிட்டார். பத்துத் தடவையில் கை வலித்து நிறுத்தினார்.

"இன்னும் முப்பது இருக்குதுங்க" என்றாள் துளசிமணி.

ஆர்டர் வந்தது. பொங்கலுக்குத் தறி நிற்கவில்லை. பொங்கலன்றைக்கே இரண்டு தறி ஓடியது. முதல் சரக்கு சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வின்சென்ட் சந்தோசத்தில் ஒரு காரியம் செய்கிறவரைக்கும். 'நாற்பத்தொன்றாம் எண் பூங்கோதை: சரக்கு நேரத்துக்கு வந்தது, நன்றாக இருந்தது' என்று அவர் பாட்டுக்கு மன்றத்தில் எழுதிப்போட்டார். இப்படியும் ஒன்று நடக்குமா என்று லட்சம் பேர் நின்று படித்தார்கள். அடுத்தவர் எழுதினாலும், பெயர் யாருடையதோ கணக்கு அவருக்குத்தான். எண்ணைக் குறைப்பது எப்படி என்று பல ஊரிலிருந்து ஆட்கள் கேட்டு வந்தார்கள். ஆறுச்சாமியே ஒரு கூடைப் பழத்தோடு வந்து, "எப்படீங்க இவ்வளவு கீழ போனீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எண் ஏற ஆரம்பித்தது. நாற்பத்தெட்டு. அறுபத்தைந்து. மாசி முதல் வாரம் தொண்ணூற்றுமூன்று.

"இன்னும் ஏழு நம்பருங்கக்கா" என்றாள் பூங்கோதை. "நூறு தொட்டா ஆர்டர் போயிரும். பேசவே இல்லையே நானு! ஒரு வார்த்தை எழுதலையே!"

துளசிமணி ரோலை இழுத்துக்கொண்டே யோசித்தாள். "நீங்க எழுதாததனாலதான் ஊரு எழுதுது. நீங்களே எழுதுங்க அம்மிணி."

"எழுதினா இன்னும் ஏறாதுங்களா?"

"கஷ்டத்தை எழுதினாத்தான் ஏறும். ஒண்ணும் ஆகலை, எல்லாம் நல்லா இருக்குதுன்னு எழுதுங்க. அடுத்தவன் நல்லா இருக்கறதை எவன் படிப்பான்? படிக்க ஆளில்லாட்டி நம்பரு தானா எறங்கும். எங்க ஒறம்பறை சொந்தத்துலயே யாரும் கேக்க மாட்டாங்க."

பூங்கோதை மன்றத்தைத் திறந்தாள். தானே ஒரு வரி எழுதி வெகுநாளாகிவிட்டது. எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். காலை பதினொன்றரைக்கு அது மன்றத்தில் வந்தது:

*எங்கள் முதல் தொழிலாளி துளசிமணி இன்றும் வேலைக்கு வந்தார்.*

அவ்வளவுதான். பாடம் ஒன்றும் இல்லை. படம்கூட இல்லை.

சாயங்காலம் டீ வந்தபோது எண் எண்பத்தேழு. கடைசி ஷிப்டு முடிகிறபோது எழுபத்தொன்பது. துளசிமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியைத் தன் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யாருமே படிக்கலீங்களா அம்மிணி?"

பூங்கோதை பார்த்தாள். "ஒரே ஒருத்தர் படிச்சிருக்கறாங்க. பதினாலு தடவை."

"யாருங்க அது?"

"நீங்கதானுங்க."

துளசிமணி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நாளைக்கும் அதையே எழுதுங்க" என்றாள்.

மறுநாளும் வந்தாள்.